மறக்கடிப்பது

பால் குறைந்துகொண்டே வந்தது. தன் மகனுக்குக் கொடுத்தது போக, இறந்துபோன அக்காளின் மகளுக்கென்று மைத்துனி பம்பில் எடுத்துவைக்கும் பால். முன்பெல்லாம் அவன் வேலை முடிந்து மகளைத் தூக்கிப்போக மைத்துனி வீட்டுக்கு வரும்போது பை நிறையப் புட்டிகள் கிடைக்கும். இப்போது ஒன்று, அதுவும் கழுத்துவரை இல்லை.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லித்தான் மனைவியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். அதன்பின் யார் சொன்னாலும் அவனுக்குப் பாதிதான் காதில் ஏறும். குடிநீர் சோதனைக்கூடத்தில் வேலை. கலங்கலைக் கண்ணாலேயே பிடிப்பவன். புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். மேலே ஆடை, கீழே நீலம் பாய்ந்த தெளிவு.

"என்ன சகலை, தண்ணி கலந்துட்டோமா?" என்று சிரித்தான் மைத்துனியின் கணவன், லிஃப்ட் மெக்கானிக்.

சிரிக்கிறவன் எதையோ மூடுகிறான் என்று இவனுக்குப் பட்டது. குழந்தை வேறு சித்தியின் தோளை விட்டு இறங்க மறுத்தது.

மறுநாள் முன்னதாகவே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சு.

"ஒரேயடியா வேணாங்க. கொஞ்சம் கொஞ்சமா மறக்கடிச்சிடலாம். பாதி மறந்துட்டா."

"சகலைகிட்ட சொல்லிடேன்."

"ஐயோ, தெரிஞ்சா நாளைலேருந்து இவளை அனுப்பவே மாட்டார்."

இருக்கிற ஒன்றையும் பறிக்கப் பார்க்கிறார்கள். உள்ளே பாய்ந்து, தரையில் விளையாடிக்கொண்டிருந்த மகளை வாரி எடுத்தான்.

"யாரை மறக்கடிக்கப் பாக்கற? பெத்த அப்பனையா?"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். "பாலை, சகலை! அதான் பாப்பா சோறு திங்கறாளே, பம்பை நிறுத்த வேணாமா? சட்டுனு விட்டா இவளுக்கு மார் கட்டிக்கும், ஜுரம் வரும்."

"அதை ஏன் எங்கிட்ட மறைக்கணும்?"

மைத்துனி அவனைப் பார்க்காமல் சொன்னாள். "பாலுக்காகத்தானே மாமா இங்க கொண்டாந்து விடறீங்க? அது நின்னா வரத்தும் நின்னுடும். அக்கான்னு எனக்கு மிஞ்சினது இவ ஒருத்திதான்."

போன வாரம்தான் சோதனைக்கூடத்துக்கு எதிரே ஒரு குழந்தைகள் காப்பகத்தை விசாரித்துவிட்டு வந்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"அப்படியெல்லாம் இல்ல," என்றான்.

அவள் நம்பவில்லை. குழந்தை அவள் பக்கம் கைநீட்டித் துள்ளியது. கொடுத்தான். கொடுத்த பிறகும் அவன் விரல்கள் குழந்தையின் சட்டை நுனியை விடாமல் பிடித்திருந்தன.