பூசை வாங்காத சக்கரங்கள்

முதலியார்பேட்டை செம்மலின் வெள்ளை வேன் முந்தின வருடத்து ஆயுத பூசையிலிருந்து இரண்டு சக்கரத்தில் ஓடுகிறது. இடது பக்கச் சக்கரங்கள் ரோட்டில் உருளும். வலது பக்கச் சக்கரங்கள் ஒரு சாண் உயரத்தில் சும்மா கூட வரும். ஆள் நடக்கிற வேகம் வரைக்கும் நான்கும் தரையில்தான் இருக்கும். அதைத் தாண்டினால் இரண்டும் எழும்பிக்கொள்ளும். சிக்னலில் நின்றால், பைக் ஓட்டுகிறவன் காலை ஊன்றுகிற மாதிரி அவற்றை ஊன்றிக்கொள்ளும். பச்சை விழுந்ததும் மறுபடி தூக்கிக்கொள்ளும். இடது வளைவில் தாராளமாகச் சாயும். வலது வளைவில் ஒரு சாணுக்கு மேல் சாய இடமில்லாததால் அடக்கமாகச் சாயும். முதலில் பார்த்த கீரைக்கார அம்மா, பஞ்சர் என்று நினைத்துச் செம்மலைக் கைதட்டிக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் இறங்கிப் பார்த்தபோது நான்கு சக்கரமும் தரையில் இருந்தன.

இது விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் பைக் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞாயிறு விடிந்ததும் கடற்கரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு புல்லட்டுகள் கூடும். மரக்காணம் வரை போய், உப்பளத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வழியில் இட்லி தின்றுவிட்டுத் திரும்பும். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ராஜ்கமல். தோல் ஜாக்கெட் போடுபவர். நம் ஊர் வெயிலில் அதைப் போடுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். "நாலு சக்கரம் இருந்தா அது வண்டி இல்லப்பா, ரூமு" என்று அவர் சொல்லாத ஞாயிறு கிடையாது. ஆனால் திங்கட்கிழமை விடிந்துவிட்டால் அதே ராஜ்கமல், பின்கண்ணாடிக்குள் தலையாட்டும் நாய் பொம்மை வைத்த சாம்பல் நிறச் சின்னக் காரில் மாமியாரை ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போவார். தமிழ்மாறன் என்பவர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றும் மினி வேன் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஹெல்மெட்டிலும் வஞ்சிரம் மணக்கும். இப்படி எல்லோரிடமும் ஒன்று உண்டு. ஒருவர் காரைப் பற்றி மற்றவர் வாய் திறப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். சிக்னலில் அடுத்தடுத்து நின்றாலும் நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அண்ணா சாலையில் ராஜ்கமல் காரும் தமிழ்மாறன் மினி வேனும் உரசிக்கொண்டன. இருவரும் இறங்கி, முன்பின் தெரியாதவர்கள் போல "சார்" போட்டுச் சண்டை பிடித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

செம்மலுக்குத் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே புல்லட் வாங்கிவிட்டான். மனைவி கலைமகள் வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்துகொடுப்பவள். ஊசியில் நூல் கோக்கும்போது நடுங்காத அவள் கை, புல்லட்டில் உட்கார்ந்தால் நடுங்கும். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் அவள் வலது பக்கம் சாய்வாள். வலது பக்கம் சாய்ந்தால் இடது பக்கம். எவ்வளவு சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவள் முழுகாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் மரக்காணம் வரை கூட்டிப்போனான். அந்த வாரமே கரு கலைந்தது. வண்டியால் வந்ததில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். கலைமகள் தலையாட்டினாள், ஆனால் அதன் பிறகு புல்லட்டில் ஏறவில்லை. அவன் ஏறச் சொல்லவும் இல்லை. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கேட்டால் மனசு உடைந்துவிடும் என்று ஒருவருக்கொருவர் பயந்தார்கள். இரண்டாம் முறை கரு தங்கியபோது, முன்ஜாக்கிரதையாக டூ வீலர் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. செம்மல் வில்லியனூரில் ஒருவரிடம் அந்தப் பழைய வெள்ளை வேனை வாங்கினான். வாங்கியதை பைக் கூட்டத்தில் மூச்சுவிடவில்லை.

வேன் வந்த பிறகு முதல் ஆயுத பூசை. செம்மல் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பொரி, கடலை, சந்தனம், பூசணிக்காய் எல்லாம் வாங்கினான். எலுமிச்சம்பழம் நான்கு வாங்கினான். வருடா வருடம் ஒரு வண்டிக்கு இரண்டு பழம் என்று அவன் கை பழகியிருந்தது. வண்டி இரண்டானதால் பழத்தை நான்காக்கினான். அவன் வரைக்கும் கணக்கு சரியாகவே இருந்தது. புல்லட்டுக்கு டேங்க் முழுக்கச் சந்தனம் பூசி, ரோஜா மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் பழம் வைத்தான். மீந்த இரண்டையும் வேனுக்கு வைத்தான். அவன் வீட்டுச் சந்தில் வேனின் வலது பக்கம் எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும். அந்தப் பக்கம் ஆள் நுழைய முடியாது, எனவே இடது பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, வண்டியை நகர்த்தினான். இரண்டு பழங்களும் பிதுங்கின. கலைமகள் அப்போது உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஏழாம் மாதம்.

மறுநாள் காலை வேன் எழும்பியது. மரப்பாலத்து மெக்கானிக் செல்வகுமார் வீட்டுக்கே வந்து, அடியில் படுத்து, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல. நேத்து எத்தினி பழம் வெச்ச?"

"ரெண்டு."

"அப்ப இந்தப் பக்கத்து ரெண்டுக்கும் பூசையே ஆவல. அது எப்படி ரோட்டத் தொடும்?"

அந்த வெள்ளிக்கிழமை வேனை வெளியே எடுத்து வலது சக்கரங்களுக்குப் பழம் வைத்துப் பார்த்தார்கள். சக்கரம் ஏறி இறங்கியது. பழம் தோல்கூடக் கசங்காமல் கிடந்தது. அடுத்த ஆயுத பூசை வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று செல்வகுமார் சொல்லிவிட்டுப் போனார். கலைமகள் அந்தப் பழங்களைக் கழுவிப் பிழிந்து சர்பத் போட்டாள். அதை அவனிடம் கொடுக்கும்போது சொன்னாள்: "ஒனக்கு எப்பவும் ரெண்டு சக்கரந்தான் மாமா ஞாபகம். எனக்காவ வாங்குன வண்டி இது. அதுக்குங்கூட ரெண்டுதான் வெச்சிருக்க." செம்மல் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரிந்தது. அதுதான் வலித்தது.

அவள் வேனில் ஏற மறுத்தாள். டூ வீலர் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், இது டூ வீலர். தெருவே கூடி வாதாடியும் அவளை அசைக்க முடியவில்லை. மூன்று சக்கரம் பரவாயில்லை என்று ஆட்டோவில் செக்கப்புக்குப் போனாள். ஆட்டோவுக்குப் பின்னால் காலி வேனைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டிக்கொண்டு செம்மல் போனான். வழியில் போலீஸ்காரர் மடக்கி, ஹெல்மெட் எங்கே என்றார். இது வேன் சார் என்றான். "நீ எத்தினி சக்கரத்துல வந்தன்னு நான் பாத்தேன்" என்றார் அவர். மறுநாளிலிருந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேன் ஓட்டினான். அடுத்த சிக்னலில் இன்னொருவர் சீட் பெல்ட் கேட்டதால் அதையும் மாட்டிக்கொண்டான்.

செய்தி பைக் கூட்டத்துக்குப் போயிற்று. ராஜ்கமல் நேரில் வந்து, சந்தில் வேன் ஒருமுறை போய் வருவதைப் பார்த்தார். அவர் கண்ணில் பொறாமை இருந்ததைத் தெருவில் எல்லோரும் பார்த்தோம். இரண்டு சக்கரத்தில் ஓடுவதால் இது ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் வரலாம் என்று தீர்ப்புச் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் செம்மல் குதித்திருப்பான். "இது கலைக்கு வாங்குனதுண்ணா. அவ ஏறாம இது எங்கயும் வராது" என்றான். புல்லட்டையும் அந்த மாதம் எடுக்கவில்லை.

இந்த வண்டியில் ஏறலாமா என்று கலைமகளே டாக்டரம்மாவிடம் கேட்டாள். அவர் ஜன்னல் வழியே வேனை எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டோடு செம்மல் உட்கார்ந்திருந்தான். "சக்கரத்த எண்ணாதம்மா. குலுங்குதான்னு பாரு" என்றார். வீட்டுக்கு வந்தவள், கம்பெனிக் குடம் ஒன்றில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து, வேனின் இடது சீட்டில் வைத்து, முருங்கப்பாக்கம் போய் வரச் சொன்னாள். வளைவில் சாயாத வண்டியில்தான் தண்ணீர் சிந்தும். வளைவோடு சேர்ந்து சாய்கிற வண்டியில் சிந்தாது. இது பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கலைமகளுக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் சீட்டைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. ஊரெல்லாம் தண்ணீர். காலை பத்து மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. ஆட்டோக்காரர் யாரும் வரவில்லை, ஆம்புலன்ஸ் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. கலைமகள் தானாக வந்து வேனில் ஏறினாள். செம்மல் ஹெல்மெட்டை நீட்டினான். அவள் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டாள். நூறடி ரோட்டில் முழங்காலளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். இந்திரா காந்தி சிலைக்கிட்டே எல்லாம் நின்றுபோயிருந்தது. சிலையைத் தாண்டிவிட்டால் எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் தாண்ட வழியில்லை. முன்னால் வலது பக்கம் ஒரு பஸ், இடது பக்கம் ஒரு கார், நடுவில் பைக் நுழைகிற சந்து மட்டும் இருந்தது. அந்த இடத்தில் கலைமகள் அலறினாள். இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று செம்மல் பயந்தான்.

இடது பக்கக் காரின் பின்கண்ணாடியில் நாய் பொம்மை தலையாட்டிக்கொண்டிருந்தது. ராஜ்கமல் வழக்கப்படி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அலறல் கேட்டுத் திரும்பினார். பிறகு கண்ணாடியை இறக்கி, கொட்டுகிற மழையில் தலையை வெளியே நீட்டினார். "செம்மலு! தோ, ஒதுங்கறேன், சாச்சு எட்றா!" அவர் காருக்குப் பின்னால் மீன் பெட்டியோடு ஒரு மினி வேன். "தமிழு, பின்னால போ! நம்ம செம்மலுடா!" காரில் இருக்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். தமிழ்மாறன் பின்னால் எடுத்தார், ராஜ்கமல் ஒதுங்கினார். ஒரு முழம் இடம் கிடைத்தது.

"கலை, எங்கூட சாயி" என்றான் செம்மல்.

அவள் சாய்ந்தாள். அவன் சாய்ந்த பக்கமே சாய்ந்தாள். வேன் இதுவரை சாயாத அளவு இடது பக்கம் படுத்து, ராஜ்கமல் கார் மேல் குடை பிடித்த மாதிரி கவிந்து, பஸ்ஸைத் தொடாமல் கடந்தது. அந்த நேரம் மட்டும் தன் பக்கத்து ஜன்னலில் மழை விழவில்லை என்று காரின் பின்சீட்டில் இருந்த ராஜ்கமலின் மாமியார் இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறார்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செம்மல் பேச்சை எடுத்தான். "அன்னிக்கி ஒன்ன மரக்காணம் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது." அதனால் இல்லை என்று டாக்டரம்மா சொன்னாரே என்றாள் அவள். "இருந்தாலும் ஒனக்கு நெனப்பு இருந்துச்சுல்ல?" குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே, "இருந்துச்சு மாமா" என்றாள். இருவரும் அழுதார்கள். பேசியிருக்க வேண்டிய வருடங்களுக்கும் சேர்த்து அன்றைக்குப் பேசி முடித்தார்கள்.

போன ஆயுத பூசைக்கு ராஜ்கமல் தன் காருக்கு வேண்டுமென்றே இரண்டு பழம் மட்டும் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறந்து வைப்பதும் தெரிந்து வைப்பதும் ஒன்றல்ல என்று செல்வகுமார் விளக்கினார். மனம் தளராத ராஜ்கமல் அதே காரில், தமிழ்மாறன் அதே மினி வேனில், பகிரங்கமாகச் செம்மல் வீட்டுக்குப் பொரி சாப்பிட வந்திருந்தார்கள். செம்மல் வேனைச் சுவரிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் ஆள் போகிற மாதிரி நிறுத்தியிருந்தான். தட்டிலிருந்த பழங்களைக் கலைமகள் எண்ணினாள்.

"ஒம்போது எதுக்கு மாமா?"

"புல்லட்டுக்கு ரெண்டு. வேனுக்கு நாலு." கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான்: "பாப்பா நடவண்டிக்கு மூணு."

கலைமகள் தட்டிலிருந்து இரண்டு பழங்களை எடுத்துத் தனியே வைத்தாள். "நீ நாலு வாங்கியாந்துட்ட. அது போதும். வெக்கறத நான் வெக்கறேன். இது இப்பிடியே சாயட்டும்" என்று சொல்லி, குனிந்து, வேனின் இடது சக்கரங்களுக்கு மட்டும் ஒவ்வொன்று வைத்தாள். நடைவண்டியைக் குழந்தை தள்ளியபோது பழம் நசுங்கவில்லை என்பதால், ராஜ்கமல் ஒரு கை கொடுத்து அழுத்தினார். தனியே வைத்த இரண்டையும் பிழிந்து வந்தவர்களுக்குச் சர்பத் கொடுத்தார்கள்.

முதலில் மறந்த அந்த இரண்டுக்கும் இன்னும் பூசை ஆகாததால், வேன் இப்போதும் இரண்டு சக்கரத்தில்தான் ஓடுகிறது. நடைவண்டி மூன்றிலும் ஓடுகிறது.