தப்பான திசை பார்த்த டிஷ்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் தூரத்து நகரம் ஒன்றில் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். இரண்டாம் நிலை லீக். போன வருடம் ஒருநாள் சாயங்காலம் போன் செய்தவள் வாயைத் திறக்குமுன், எந்த ஆட்டத்தையும் பார்த்திராத அப்பா, “பிரமாதம்மா, பறந்து பறந்து பிடிச்சே” என்றார். அன்று மழை கொட்டி ஆட்டமே நடக்கவில்லை. அதிலிருந்து அவள் அம்மாவிடம் மட்டுந்தான் பேசினாள்.

இன்று காலை அவளே அவரைக் கூப்பிட்டாள்.

“மத்தியானம் ஆட்டம் லைவா வருதுப்பா. வீட்டு டிவியில, போன்ல எல்லாம் வராது. ஏதாவது பப்புல போடுவாங்க. பார்த்துட்டு எப்படின்னு சொல்லுங்க. இந்தத் தடவையும் கதை விட்டீங்கன்னா இனிமே கேக்கவே மாட்டேன்.”

எந்த பப்பில் எந்தச் சேனல் என்பது அவர் மனைவியின் தம்பிக்கு அத்துப்படி. டிஷ் மாட்டுவது அவன் தொழில். அவன் மாட்டிய டிஷ் ஒன்றில் பக்கத்து மாடியில் காயும் துணி மட்டுமே தெரிந்தது என்று சிலர் சொல்வது மிகை. இடையிடையே வானிலைச் செய்தியும் வந்தது.

“வாசல்ல எழுதிப் போட்டிருக்கிறதை நம்பாதீங்க அத்தான்,” என்றான் மைத்துனன். “கூரையைப் பாருங்க. டிஷ் மேற்க பார்த்திருந்தா பெரிய லீக். கொஞ்சம் தெற்கால திரும்பியிருந்தா நம்ம பொண்ணு.”

இருவரும் அண்ணாந்தபடியே நடந்தார்கள். அதைப் பார்த்துத் தெருவே அண்ணாந்தது. வெற்றிலைச் சிவப்பில் வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டதாக ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டார். இன்றுவரை அவர் அதிலிருந்து இறங்கவில்லை.

டிஷ்கள் எல்லாம் மேற்கையே பார்த்தன. கூரையை நம்பாமல் மெக்கானிக் ஒரு பப்பில் நுழைந்து கெஞ்சினார். திரைக்குத் திரை பெரிய லீக்.

“சேனலை மாத்தினா இவங்க என் தலையை மாத்திடுவாங்க சார்,” என்றார் ஊற்றிக் கொடுப்பவர்.

ஆட்டம் தொடங்கியிருக்கும். மெக்கானிக் நடையை எட்டிப் போட்டார். அப்போதுதான், மைத்துனன் ஒரு சந்துக்குள் மட்டும் நுழையாமல் சுற்றிச் சுற்றிப் போவது உறைத்தது.

“மச்சான், அதுக்குள்ளேயும் ஒரு பப் இருக்கே?”

“அதை மூடிட்டாங்க அத்தான்.”

உள்ளேயிருந்து பெரிய கூச்சல் வந்தது.

“மூடின கடை நல்லாத்தான் கத்துது.”

மைத்துனன் செருப்பைப் பார்த்தான். “அந்த டிஷ் நான் மாட்டினது. படம் சரியா வந்தப்போ என் டூல்ஸ் பை அதுல தொங்கிட்டிருந்துச்சு. பையை எடுத்துட்டு வந்துட்டேன்.”

மெக்கானிக் அண்ணாந்தார். பாரம் இறங்கிய நிம்மதியில் அந்த டிஷ் கொஞ்சம் தெற்கால திரும்பியிருந்தது.

உள்ளே திரையில் அவர் மகள் நின்றிருந்தாள்.

முதலாளி மைத்துனனைக் கண்டதும் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். “வாப்பா. உன்னைத்தான் தேடிட்டிருக்கேன். பெரிய லீக் போச்சு, கூட்டம் போச்சு. மிச்சம் இந்த நாலு பேர்தான். வேற வழியில்லாம இதையே பார்த்து, இப்போ இவங்களுக்கு இது இல்லாம தூக்கம் வரலை. ‘பூட்டு’ ஆடுற நாள்ல பல் டாக்டர் கிளினிக்கையே சாத்திட்டு வந்துடறார்.”

“பூட்டா?”

“அந்தக் கோல்கீப்பர் பொண்ணு. திறக்கவே முடியாது.”

“அது என் பொண்ணு,” என்றார் மெக்கானிக்.

நாலு பேரில் ஒருவரான தபால்காரர் திரும்பாமலே சொன்னார்: “போன வாரம் அவளோட சித்தப்பான்னு ஒருத்தர் வந்து ஓசியில குடிச்சுட்டுப் போனார்.”

பந்து பாய்ந்து வந்தது. அவள் பக்கவாட்டில் இரு கைகளையும் நீட்டித் தடுத்தாள்.

“மூடுற லிஃப்ட் கதவை இப்படித்தான் தடுப்பா,” என்ற மெக்கானிக்கின் குரல் இறங்கிவிட்டது. “எத்தனை திட்டு வாங்கியிருக்கா என்கிட்ட.”

தபால்காரர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

படம் ஒருமுறை நடுங்கியது. மைத்துனன் பொறுப்போடு எழுந்து, “ஏணி எங்கே?” என்றான். பல் டாக்டர் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். முதலாளி ஓசியில் ஒரு கிளாஸ் பீர் கொடுத்தார், இனி கூரைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“எப்படிப்பா இருந்துச்சு?”

“பிரமாதம்னு சொல்லுங்க,” என்று மைத்துனன் கையைக் காட்டினான்.

“அந்தக் கோல் உன் தப்புதான்,” என்றார் மெக்கானிக். “பந்து வர்ற நேரத்துல முடியை ஒதுக்கினே. இறுக்கிக் கட்டுன்னு சின்ன வயசுலேருந்து சொல்றேன்.”

மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சிரிப்பு.

“நிஜமாவே பார்த்திருக்கீங்கப்பா.”

“அடுத்த ஆட்டம் என்னைக்கு?”

அவள் சொன்ன தேதியை அவர் திருப்பிச் சொல்ல, பல் டாக்டர் போனை எடுத்து, அன்றைக்குப் பல் பிடுங்க வருவதாக இருந்தவரை வேறு நாளுக்குத் தள்ளிவைத்தார்.