கண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர்

“இன்னா ஆனாலும் நீ கம்முனு இரு, நான் பேசிக்கிறேன்” என்று ஷேர் ஆட்டோவில் வரும்போதே டோரதி அக்கா மூன்று தரம் சொல்லிவிட்டாள். செங்கொடியும் மூன்று தரம் தலையாட்டினாள். பத்தாவது ரிசல்ட் கெட்டுவிடுமாம், அதனால் ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் மகிழினி டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். ஒன்பது வருஷம் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு ஞானம் பிறந்தது!

இந்த மாதிரி அம்மாக்களோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவதே ராயபுரம் டோரதிக்கு வேலை. பெரியாஸ்பத்திரிக்கு நாலு நாள் அலைந்து சர்டிபிகேட் வாங்கித் தந்ததும் அவள்தான். மகிழினிக்கு அறிவில் குறையில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வராது, பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம் என்று அதில் இருந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததுதான் தாமதம், டோரதி சொன்னதெல்லாம் செங்கொடிக்கு மறந்துபோனது. வடசென்னையில் பெற்றவர்கள் டீச்சர் முன்னால் காலங்காலமாகச் செய்வதை அவளும் செய்தாள். பக்கத்தில் நின்ற மகள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

“சோம்பேறி டீச்சர் இவ! எந்நேரமும் செல்ல நோண்டிகினே கீறா. கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர்.”

அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான், பாவி மனுஷிக்கு.

“பாத்தீங்களா, அம்மாவே சொல்றாங்க” என்று தலைமையாசிரியை டி.சி. விண்ணப்பத்தை நகர்த்தினார்.

ஆனாலும் டோரதி விடவில்லை. சர்டிபிகேட்டை மேஜைமேல் விரித்து அரைமணி நேரம் மல்லுக்கு நின்றாள். “முடியாதுன்னா எழுத்துல குடுங்க மேடம், மேலிடத்துல காட்டிக்கிறேன்” என்றதும்தான் அந்த அம்மாள் இறங்கிவந்தார். திங்கட்கிழமையிலிருந்து மகிழினி வரலாம் என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் செங்கொடி சந்தோஷத்தில் மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். மகிழினி விலகி நின்றாள். கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

“நான் இனிமே போவலம்மா.”

“ஐயோ, இன்னாடி சொல்ற? அல்லாம் சரியாப் போச்சேடி!”

“அவங்க சோம்பேறின்னு சொன்னா சொல்லட்டும். நீ இல்லன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்.”

“டீச்சருக்காக சும்மா சொன்னேன்டி கண்ணு!”

“வூட்ல டீச்சரா கீறாங்க? அங்கயும் அதத்தான சொல்ற?”

செங்கொடி டோரதியைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தோடு பேசத் தெரிந்த அந்த அக்காளோ, “இத நீதான் பேசணும்” என்றாள்.