ஒட்டியாணம் சுருங்கிய கதை

சேலையூரில் அந்தக் காலனிக்குள் பட்டாபிராமனுக்குத் தெரியாமல் யாரும் ஒரு கிலோ ஏறிவிட முடியாது. வங்கியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகள் கையை விட்டுப் போனதும் மற்றவர்களின் உடம்புகளைக் கையில் எடுத்துக்கொண்டார். காலை நடையாளர் சங்கத்துக்கு அவரே நிறுவனர், அவரே தலைவர். ஞாயிறுதோறும் பூங்காவில், ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் அழியாத எடை மெஷின் ஒன்று வைக்கப்படும். உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சன்னிதிக்குப் போவதுபோல் ஏறுவார்கள். எடை சரியாக இருந்தால் சட்டையில் பச்சை ஸ்டிக்கர். கூடியிருந்தால் சிவப்பு.

அவர் மனைவி பாலாம்பாளுக்கு எப்போதும் பச்சைதான். குரோம்பேட்டைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்து நான்கு, எடை ஐம்பத்தெட்டு. "கல்யாணத்தன்னிக்கு இருந்த அதே வெயிட்!" என்று பட்டாபிராமன் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். கல்யாணத்தன்று தன்னை யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்பது பாலாம்பாளுக்கே தெரியாது.

அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது, சில மாதங்களாக, பாதியில் கைப்பிடியைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. முதுகில் ஒரு பாரம் வந்து உட்காரும். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் மாடிப்படியில் அடிக்கடி உட்கார்ந்தாள், ஒருநாள் எழுந்திருக்கவில்லை. கணவரிடம் சொன்னால் பெருங்காயம் போட்ட மோரை நீட்டுவார்.

"கேஸ் பாலா. வெயிட் கரெக்டா இருக்கறவாளுக்கு ஹார்ட் ப்ராப்ளம் எப்படி வரும்?"

அவரது தைரியத்தில் அவள் மோரைக் குடிப்பாள். பயம் மட்டும் செரிக்காது.

சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கியது. வாட்ஸப் குழுவில் தாமரைப்பூ படத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. 'முப்பது ஆண்டுகள்! ஒரே எடை! ஒரே ஒட்டியாணம்! தலைவரின் துணைவியார் திருமண ஒட்டியாணத்தை மேடையில் அணிந்து காட்டுவார்.' கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன. பாலாம்பாளுக்கு விஷயம் தெரிந்ததே அந்தக் குழுவிலிருந்துதான்.

லாக்கரிலிருந்து ஒட்டியாணம் வந்தது. நடுவில் இரண்டு மயில், மயில்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுப்புடவை கட்டி ஒத்திகை பார்த்தார்கள். கொக்கி வளையத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"ஏன்னா, இது பூட்டலை."

"நேரா நில்லு."

"நேராத்தான் நிக்கறேன். வயிறுதான் முன்னாடி நிக்கறது."

பட்டாபிராமன் அவளை எடை மெஷினில் ஏற்றினார். ஐம்பத்தெட்டு. இறக்கி மறுபடி ஏற்றினார். அதே ஐம்பத்தெட்டு. வங்கி ஆள், கணக்கு உதைத்தால் விடமாட்டார். கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"ஒட்டியாணம் சுருங்கிடுத்து."

"என்னது?"

"லாக்கர் ரூம்ல சதா ஏசி. குளிர்ல மெட்டல் சுருங்கும். ஃபிஸிக்ஸ்!"

"நாலு விரக்கடை சுருங்கணும்னா லாக்கரை இமயமலையிலன்னா வெச்சிருக்கணும்?"

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் நகைக்கடை மாடிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனார். நகை வேலை பார்க்கும் ஜீவானந்தம் ஒட்டியாணத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"சார், தங்கம் இன்னா பனியனா சார், தொவைச்சா சுருங்கிக்கினு போறதுக்கு?"

"அப்போ எப்படிப் பத்தாமப் போச்சு?"

"அதை நான் எப்டி சார் சொல்றது, அக்கா பக்கத்துல நிக்கிறாங்கோ. பின்னாடி ரெண்டு வளையம் சேத்துட்டா போச்சு. முந்தானைல மறைஞ்சிக்கும். இந்த சீசன்ல அல்லாருமே ஒட்டியாணம் சுருங்கிட்ச்சினுதான் சார் வந்துகினு கீறாங்க." அவன் பாலாம்பாளைப் பார்த்தான். "இன்னாக்கா, ஒரு மாடிக்கே இப்டி மூச்சு வாங்குது? மொதல்ல உக்காருங்க."

வளையம் சேர்க்க ஒட்டியாணத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பட்டாபிராமன் வழியெல்லாம் விசிலடித்தார். பாலாம்பாள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். எடை ஏறவில்லை, தங்கம் சுருங்கவில்லை. அப்படியானால் இந்த நாலு விரற்கடை எங்கிருந்து வந்தது? விடை தெரியாத கணக்கு அவளைத் தூங்கவிடாது.

காலனி வாசலில் பக்கத்து வீட்டு வெண்ணிலா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். அகன்ற இடுப்பும் கனத்த தொடையுமாக இருக்கும் வெண்ணிலா வாராவாரம் சிவப்பு ஸ்டிக்கர் வாங்குபவள். அதைப் பத்திரமாக ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டுக்கு மேல் ஒட்டியிருந்தாள். பட்டாபிராமன் உள்ளே போகும்வரை காத்திருந்து சொன்னாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஒட்டின சிவப்புக்கு பயந்து டாக்டர் ஜெரூஷாகிட்ட ஃபுல்லா செக் பண்ணிட்டேன். பிரஷர், சுகர் எல்லாம் நார்மலாம். வெயிட்டைக் கொஞ்சம் கொறைங்க, ஆனா உங்களுக்கு இருக்கறதெல்லாம் இடுப்புக்குக் கீழ, ஹார்ட்டுக்கு அது அவ்வளவு தொந்தரவு பண்ணாதுன்னாங்க. ஆமா, ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கீங்க?"

பாலாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். "திங்கக்கிழமை லீவு போடுங்க. என் பின்னாடி உக்காருங்க" என்றாள் வெண்ணிலா.

கிழக்குத் தாம்பரத்தில் சின்ன கிளினிக். டாக்டர் ஜெரூஷா பாலாம்பாளின் உயரத்தை அளந்தாள். பிறகு, எடை மெஷின் பக்கம் திரும்பாமல், வயிற்றைச் சுற்றி இஞ்ச் டேப்பைப் போட்டாள்.

"உயரத்துல பாதிக்கு மேல இது போகக்கூடாது மேடம். உங்களுக்குப் பாதின்னா முப்பத்தொண்ணு இஞ்ச். இருக்கறது முப்பத்தஞ்சு. பீரியட்ஸ் நின்னுடுச்சா?"

"மூணு வருஷமாச்சு."

"அதான். இத்தனை நாள் ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன், கொழுப்பு எங்க குடியிருக்கணும்னு பாத்துக்கிச்சு. இடுப்பு, தொடைன்னு அனுப்பி வெச்சுது. அது கொறைஞ்சதும் கொழுப்பு வீடு மாத்திக்கிச்சு. வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்தி. அங்க சும்மா இருக்காது. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால்னு ஒவ்வொண்ணா கிளப்பும். எல்லாம் ஹார்ட்லதான் வந்து நிக்கும்."

"ஆனா வெயிட் ஏறவே இல்லையே?"

"தசை கொறைஞ்சிருக்கும், கொழுப்பு ஏறியிருக்கும். மெஷினுக்கு மொத்தம்தானே தெரியும்?"

வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாக மார்க்கை வெட்டியவள், தன் உடம்புக்கு மட்டும் முழு மார்க் போட்டிருந்தாள்.

ரத்த அழுத்தம் கூடியிருந்தது. சர்க்கரை வாசல்படியில் நின்றது. கெட்ட கொழுப்பு உள்ளேயே வந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் டிரெட்மில் சோதனை. ரிப்போர்ட்டைப் படித்த பட்டாபிராமன் அவளோடு கூடவே வந்தார். கழற்றிக் கொடுத்த வளையல்களையும் தாலிச் சங்கிலியையும் இரண்டு கைகளிலும் பொத்திக்கொண்டு, சோதனை அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இல்லை. கதவிடுக்கு வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே நடந்த பாலாம்பாளுக்கு, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"இன்னும் எதுவும் கெட்டுப் போகல" என்றாள் ஜெரூஷா, சோதனை முடிவைப் பார்த்து. "மாத்திரை, சாப்பாடு, நடை. தசைக்கும் வேலை குடுங்க. இப்படியே விட்டிருந்தா, நீங்க சொன்ன உங்கம்மா கதைதான் உங்களுக்கும். சரியான சமயத்துல வந்துட்டீங்க."

பாலாம்பாள் அழுதாள். பயத்தில் வந்த அழுகை இல்லை அது. மேம்பாலத்தில் பிடிக்க ஒரு கைப்பிடி இருந்ததே, ஜீவானந்தம் நாற்காலி போட்டானே, வெண்ணிலாவிடம் ஸ்கூட்டர் இருந்ததே என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அழுதாள்.

சாயங்காலம் பட்டாபிராமனுக்கு மறுபடியும் தலைவர் பதவி ஏறிவிட்டது. "போஸ்டர் போயாச்சு பாலா. வளையம் சேத்தாச்சு, பூட்டிடும். யாருக்குத் தெரியப் போறது?"

"பாக்கலாம்" என்றாள் அவள்.

விழா மேடையில் சாமந்தித் தோரணம், நாகஸ்வர ஒலிநாடா. பட்டாபிராமன் ஒட்டியாணத்தைத் தட்டில் ஏந்தி வந்தார். பாலாம்பாள் அதை இடுப்பில் வைத்தாள். புதுசாகச் சேர்த்த வளையங்களை விட்டுவிட்டு, பழைய வளையத்துக்கு நேராகக் கொக்கியைக் கொண்டுவந்தாள். அது எட்டவில்லை. அப்படியே திரும்பி, முந்தானையை விலக்கி, நடுவில் விட்டுப்போன நாலு விரற்கடையைக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எடை மாறலைதான். ஆனா இந்த நாலு விரக்கடை வந்திருக்கு. எடை மெஷின் சொல்லாததை இது சொன்னதாலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் இருக்கு, மூச்சு வாங்கறது. இப்போ மாத்திரை சாப்பிடறேன். உயிரோட நிக்கறேன். என் ஒட்டியாணத்துக்கும், செகப்பு ஸ்டிக்கர் வெண்ணிலாவுக்கும் ரொம்ப நன்றி. பீரியட்ஸ் நின்னவா எல்லாரும் ஒரு தடவை வயித்தை அளந்து பாருங்கோ. உயரத்துல பாதிக்கு மேல போகக்கூடாது."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒருத்தி தன் புடவைக் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள். "எனக்கும் படியேறினா மூச்சு வாங்குது டீச்சர்." வெண்ணிலா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். பச்சை ஸ்டிக்கர்க்காரிகள் வரிசையில் நின்றார்கள். பலருக்கு உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. ஒருத்தியும் கோபித்துக்கொள்ளவில்லை, பாலாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு எப்போது கிளினிக் போகலாம் என்றுதான் கேட்டார்கள்.

பட்டாபிராமன் காலித் தட்டோடு ஓரமாக நின்றிருந்தார்.

"சார், நீங்க?" என்றாள் வெண்ணிலா. "ஆம்பளைங்களுக்கும் வயித்துல சேரும் சார். வயசானா உங்க ஹார்மோனும்தான் கொறையுதாம்."

அவர் மறுக்க முடியாமல் முன்னால் வந்தார். பாலாம்பாள் டேப்பைச் சுற்றினாள். தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் அவர் மார்பு மேலேறியது. வயிறு எங்கோ முதுகுக்குள் போய் ஒளிந்துகொண்டது. முப்பத்து மூன்று. உயரத்தில் சரிபாதி. தலைவர் பெருமிதமாகப் புருவத்தை உயர்த்தினார்.

பாலாம்பாள் டேப்பை எடுக்கவில்லை. பிடித்தபடியே காத்திருந்தாள். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

வெண்ணிலா மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். "தலைவர் ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

பட்டாபிராமனால் அதற்கு மட்டும் மறுப்புச் சொல்ல முடியாது. "அனைவருக்கும் வ..." என்று ஆரம்பித்தார். அடக்கி வைத்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. டேப் பாலாம்பாளின் விரல்களுக்கிடையே இஞ்ச் இஞ்ச்சாக நழுவியது. அது ஓடி முடிக்கிறவரை அவள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள்.

"நாளைக்கு நீங்கோ என்னோட வரேள்" என்றாள்.

"வரேன்" என்றார் அவர், மைக்கில்.