ஹார்ட்டென்ஸுக்கு எந்த வகுப்பு?

நான் ஆடிய காலத்தில், மேடையில் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் மிசிசிப்பி ஆறே நின்று பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும். நம்பாதவர்கள் ஆற்றைக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது ஓய்வு. இடுப்புதான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. அதனால் நியூ ஆர்லியன்ஸில் பர்லெஸ்க் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டோடு பாட்டாக ஒவ்வொரு துணியாய்க் கழற்றி, கூட்டத்தைச் சிரிக்கவும் ஏங்கவும் வைக்கிற ஆட்டம்.

தனி வகுப்பு உண்டு. ஒரே குழு ஆறு வாரம் சேர்ந்து கற்கும் தொடர் வகுப்பும் உண்டு. செவ்வாய்க்கிழமை திறந்த வகுப்பு. யார் வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம்.

ஹார்ட்டென்ஸ் பூத்ரோ பல் மருத்துவமனை வரவேற்பாளர். வயது ஐம்பத்தாறு. அல்சீடின் கிளப்பில் முதன்முறை மேடையேறி, கூட்டம் கத்தியதும் மிரண்டு ஒரு செருப்பை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியே ஓடியவள். மார்டி க்ரா திருவிழாவுக்கு முன் ஒரு சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு தருவதாக அல்சீட் சொல்லியிருந்தான். அதிலும் ஓடினால் மேடையை மறந்துவிட வேண்டியதுதான்.

"டெல்ஃபீன், எனக்குத் தனி வகுப்புதான் வேணும். யாரும் பாக்கக் கூடாது."

"பாக்கறதுக்குத்தானேடி, கண்ணு, கழட்டறோம்?"

"அதை மேடையில பாத்துக்கலாம்."

சரியென்று கண்ணாடி முன் நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் ஒரு பிசிறில்லை. ஆனால் பாத்திரம் தேய்த்து முடித்தவள் போல் விறுவிறுவென்று கையுறையை உருவினாள். கூட்டம் கத்துவதற்கு இடமே விடவில்லை. எங்கள் ஊரில் கூட்டம் கத்தியே ஆகவேண்டும். சாவு ஊர்வலத்துக்கே எக்காளம் ஊதுகிறவர்கள் நாங்கள்! நான் ஒருத்தியாகக் கத்திப் பார்த்தேன்.

"நீ கத்தினா சிரிப்புதான் வருது, போடி."

தொடர் வகுப்புக்கு மாற்றினேன். அங்கே இரண்டாம் வாரமே எல்லாரும் உடன்பிறப்புகள் ஆகிவிட்டார்கள். இவள் தும்மினாலும் விசில்.

"நான் ரெடி. பாத்தியா, எப்படிக் கத்தறாங்க!"

"அவங்க உன் கையுறைக்குக் கத்தலடி. நீ கொண்டுவர்ற கம்போ சூப்புக்குக் கத்தறாங்க."

முகம் சுருங்கிப்போனாள். எனக்கே பாவமாக இருந்தது. மிச்சம் இருந்தது திறந்த வகுப்பு. அது வெறும் கேளிக்கை, அங்கே எவளும் எதையும் கற்றதில்லை என்று ஊரெல்லாம் முழங்கியவள் நான்தான். வேறு வழி?

அந்தச் செவ்வாய் ஒரு கல்யாணப் பெண் தோழிகளோடு வந்திருந்தாள், எல்லார் கண்ணும் போனில். வரி அலுவலகம் என்று நினைத்து நுழைந்த ஒருவரும் இருந்தார். விஷயம் புரிந்த பிறகும் எழுந்து போகவில்லை. ஹார்ட்டென்ஸ் ஒரு கையுறையைக் கழற்றினாள். ஒருவரும் நிமிரவில்லை. கண் கலங்கி என்னிடம் வந்தாள்.

"ஒருத்திகூடப் பாக்கல!"

"அப்ப பாக்கற வரைக்கும் கழட்டாதே."

திரும்பிப் போய்க் கல்யாணப் பெண்ணின் எதிரே நின்றாள். மறுகைக் கையுறையின் சுண்டுவிரல் நுனியைப் பல்லால் பிடித்தாள். இழுக்கவில்லை. நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வாரக்கணக்கில் நின்றதுபோல் எனக்கு இருந்தது. கல்யாணப் பெண்ணின் போன் மெல்ல இறங்கியது.

"ஐயோ, இழுத்துத் தொலையேன்!" என்று அவள் கத்த, அறையே கூடக் கத்தியது. ஹார்ட்டென்ஸ் மிரளவில்லை. அதன்பிறகு ஒரு செவ்வாயையும் விடவில்லை.

அல்சீட் சொன்ன சனிக்கிழமை வந்தது. முதல் கையுறை வெண்ணெயாய் வழுக்கி இறங்கியது. இரண்டாவது மணிக்கட்டில் சிக்கியது. மேடை ஆசையில் அதன்மேல் புது வளையல் ஒன்றை மாட்டியிருந்தாள். கொக்கியோ மணல் அளவு. விரலுக்கு அது அகப்படவில்லை. திரைக்குப் பின்னால் நான் எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கண் பின்வாசல் பக்கம் போனது.

பிறகு கூட்டத்தின் பக்கம் வந்தது. மெல்லப் படியிறங்கி, முன்வரிசையில் உம்மென்று இருந்த தடிமனான ஆளிடம் மணிக்கட்டை நீட்டினாள். அவர் தடுமாறத் தடுமாற இவள் கொட்டாவி விட்டாள், அவருடைய டையைச் சரிசெய்தாள், வழுக்கையில் முகம் பார்த்துப் பவுடர் ஒற்றிக்கொண்டாள். பாட்டு முடிந்தது, டிரம்காரன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். கொக்கி திறந்தபோது எழுந்த கூச்சலில் பாட்டன் ரூஜ் நகரம் வரை நாய்கள் குரைத்தன. உடுப்பில் ஒரு பொத்தான்கூட அவிழவில்லை.

அல்சீட் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தான். "ரெண்டே கையுறை! மிச்சத்தை எப்பம்மா கழட்டுவ?"

"அடுத்த சனிக்கிழமை," என்றாள் ஹார்ட்டென்ஸ், அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே. "நாற்காலி இன்னும் நெறைய போட்டு வை."