லோடை விட்டு இறங்கியவன்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே லோரிகள் வரிசை கட்டி நின்றன. திருச்செல்வம் தன் வண்டிக்குள் கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தார். லெபனானில் குண்டு பட்டு எரிந்து கிடக்கும் வெள்ளை நிறத் தண்ணீர் லோரியின் படம் அதில் இருந்தது. கதவில் 27 என்ற எண். ஐ.நா. அமைதிப்படையில் அவர் மகன் லோகேஷ் ஓட்டுகிற லோரி. காலையிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பின் வண்டி டிரைவர் கிஷன் இறங்கி வந்தான்.

"அண்ணே, வண்டிதானே எரிஞ்சிருக்கு. ஆளப் பத்தி ஒண்ணும் போடலயே."

"வண்டி எங்க கெடக்கோ அவனும் அங்கதாண்டா. லோட விட்டு எறங்காதேன்னு நான்தானே சொல்லி அனுப்பினேன்."

முப்பது வருடப் பிழைப்பு அது. சரக்கு இறங்கும்வரை லோரியிலேயே சோறு, லோரியிலேயே தூக்கம். ஒருமுறை பத்து நிமிடம் டீ குடிக்க இறங்கியதில் தார்ப்பாயை அறுத்துப் பாதிச் சரக்கை அள்ளிவிட்டார்கள். அன்று கற்ற பாடத்தைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கிஷன் கையமர்த்தினான்.

கைப்பேசி அடித்தது. தெரியாத நம்பர்.

"அப்பா, நான்தான். சார் போன்ல பேசுறேன். என் போன் லோரியோட போச்சு."

திருச்செல்வம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"முன்னாடி ரோடு ஒடஞ்சு கெடந்துச்சுப்பா, வண்டிய திருப்ப எடமில்ல. ரேடியோவும் செத்துப்போச்சு. பின்னாடி சாப்பாட்டு லோரி அஞ்சு வந்துகிட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் வராதீங்கன்னு யாராச்சும் போய்ச் சொல்லணும்ல. நானும் வண்டியில கூட வந்த ஃபாமியும் எறங்கி ஓடினோம். குண்டு விழ விழ, ஓடையில படுத்துப் படுத்து ரெண்டு மைலு. அஞ்சு லோரியும் வேற வழியா போய்ச் சேந்துருச்சு."

திருச்செல்வம் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார்.

"கோவமாப்பா? லோட விட்டுட்டேன். பத்தாயிரம் லிட்டர் தண்ணி."

"தண்ணி கெடக்குதுலா. அடி ஏதும் படலயே?"

"முட்டி சிராய்ப்புதான்."

"அம்மாவுக்கு இப்பவே பேசு. நான் சொன்னா நம்ப மாட்டா."

போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கிஷன் ஜன்னலைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தான்.

"எறங்கி ஓடிட்டானாம்டா," என்றார். "அஞ்சு லோரிய காப்பாத்திட்டு நிக்கிறான். எங்கிட்ட மன்னிப்பு கேக்குறான், மடையன்."

சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.