பாடகியைப் பற்றி ஒரு அபிப்பிராயம்

கடையில் எல்லோரும் அவரைத் தலையங்கம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எந்தப் பத்திரிகையிலும் வேலை பார்த்ததில்லை. பழைய சோபாக்களைப் பிரித்து, தொய்ந்த ஸ்பிரிங்கை இறுக்கி, புதுப் பஞ்சும் புதுத் துணியும் போடுவதுதான் அவர் தொழில். ஆனால் காலையில் வந்து வேலைச் சட்டையை மாட்டிக்கொள்வதற்குள் நாட்டு நடப்பு, நேற்றைய ஆட்டம், யாரோ ஒரு நடிகனின் மூன்றாவது கல்யாணம், பஸ்ஸில் சத்தமாக போன் பேசுகிறவர்கள் என்று எதைப் பற்றியாவது ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

சோபாவுக்கு இந்தப் பக்கம் அவர் என்றால் அந்தப் பக்கம் எதிர்க்கட்சி. அவரைவிட நாலைந்து வயது இளையவர், ஒல்லியான மனிதர். தலையங்கம் எதைச் சொன்னாலும், "அப்படியும் சொல்லலாம்ணே, ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்தப் பெயர் அதனால் வந்தது. துணியை ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் ஆணி அடிக்க வேண்டும். எதிர்க்கட்சி ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் தலையங்கம் தன் முக்கியமான கருத்துகளை வெளியிடுவார்.

"அவர் வாயைத் திறக்க முடியாத நேரமாப் பார்த்து மசோதாவ நிறைவேத்திடறீங்களே," என்று உறை தைக்கும் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

இந்தச் சண்டையில் ஒரு விசித்திரம் இருந்தது. மாலையில் எதிர்க்கட்சி பெரும்பாலும் தோற்றுத்தான் வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் ஒரு பதிலோடு வருவார். அந்தப் பதிலுக்குத் தலையங்கத்திடம் பதில் இருக்காது.

பதவி போன மந்திரி ஒருவர் டிவியில் அழுததைப் பார்த்துவிட்டு, "அழறவன் எல்லாம் ஆட்சி பண்ணக் கூடாது," என்றார் தலையங்கம். மறுநாள் எதிர்க்கட்சி சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கும்போதே, "அழாதவங்க ஆண்டதத்தான் பார்த்துட்டோமே அண்ணே," என்றார். இன்னொரு முறை, கடைசி நிமிடத்தில் தப்பான பக்கம் பாய்ந்து கோல் வாங்கிய கோல்கீப்பரைத் தலையங்கம் நாள் முழுக்க வறுத்தெடுத்தார். "இடது பக்கம்தான் அடிப்பான்னு என் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்யா!" மறுநாள் பதில் வந்தது: "பந்து போனதுக்கு அப்புறம் எந்தப் பக்கம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அவன் போறதுக்கு முன்னாடி சொல்லணும். அந்த வித்தியாசத்துக்குத்தான் அவன் அங்க நிக்கறான், நீங்க இங்க பஞ்சு அடைக்கறீங்க."

தையல்காரம்மா கை தட்டினாள். தலையங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தூங்கவே மாட்டியா? வீட்டுக்குப் போய் இதையேதான் யோசிப்பியா?" என்று கேட்டார்.

"வீட்டுல வேற என்னண்ணே வேலை," என்று சொல்லிவிட்டு எதிர்க்கட்சி சுத்தியலை எடுத்தார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் சொன்னதுமில்லை, தலையங்கம் கேட்டதுமில்லை. சில வியாழக்கிழமைகளில் எதிர்க்கட்சி முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு அரை நாளோடு கிளம்பிவிடுவார். "வெளிநடப்பு!" என்று தலையங்கம் பின்னாலிருந்து கத்துவார். எதிர்க்கட்சியும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவார்.

அந்தச் சமயத்தில் முதலாளி பக்கத்துத் தெருவில் பெரிய இடமாகப் பிடித்திருந்தார். கடையை மாற்றும் நாளன்று வேலைக்காரர்கள் எல்லோருக்கும் குடும்பத்தோடு சாப்பாடு என்று சொல்லியிருந்தார். அந்த வாரத்தில் எதிர்க்கட்சி வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். திண்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய மெல்லிய நீலத் துணி ஒன்றைத் தையல்காரம்மாவிடம் கேட்டு வாங்கி, நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்துத் தரச் சொன்னார்.

"எதுக்குண்ணே? மேசைக்கா?"

"இல்ல, வீட்டுல கேட்டா. தலையில கட்டிக்க."

தலையங்கம் அப்போது அங்கேதான் இருந்தார். ஒரு நாற்காலியின் அடியில் தலையை விட்டுக்கொண்டு ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

மறுநாள் ரேடியோவில் அந்தப் பாடகியைப் பற்றித்தான் பேச்சு. ஒரு காலத்தில் அவள் குரல் கேட்காத வீடு கிடையாது. பெரிய நோய் ஒன்று வந்து, பல மாதம் ஆளையே காணாமல், இப்போது முடி கொட்டிய தலையோடு மேடை ஏறியிருந்தாள். பாட்டின் நடுவில் குரல் உடைந்துவிட்டது. அப்படியே நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி பாடினாளாம். பாதிப் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ரேடியோ சொன்னது.

வேலை மந்தமாக இருந்தது. எதிர்க்கட்சி வாய் நிறைய ஆணியோடு குனிந்திருந்தார். தலையங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன். ஒடம்பு முடியலைன்னா வீட்டுல இருக்கணும். நாலு பேர் முன்னாடி எதுக்கு வரணும்? நம்ம மனசுல ஒரு முகம் இருக்கில்ல, அதையாவது விட்டு வைக்கலாம். அவ கஷ்டம் அவளோட. பார்க்கறவங்களுக்கு எதுக்குத் தண்டனை?"

தையல்காரம்மா, "அய்ய, என்ன பேச்சு இது," என்றாள்.

எதிர்க்கட்சி ஆணிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார். துணியின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி ஆணிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தலையங்கம் அவருக்காகவே சீக்கிரம் வந்து காத்திருந்தார். எதிர்க்கட்சி வந்தார், பையை வைத்தார், வேலையைத் தொடங்கினார்.

"என்னப்பா, பதிலே காணோம்?"

"இல்லண்ணே."

"இல்லையா? அப்ப நான் ஜெயிச்சேன்னு ஒத்துக்கறியா?"

"வச்சுக்குங்க."

தலையங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வரலாற்றில் முதல்முறையாக எதிர்க்கட்சி சரணடைந்துவிட்டது என்று அறிவித்து, கடை முழுவதற்கும் டீ வரவழைத்தார். எதிர்க்கட்சியும் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தார்.

கடை மாறிய அன்று சாப்பாட்டுக்கு எதிர்க்கட்சி தனியாகத்தான் வந்தார்.

"எங்க உன் வீட்டம்மா? இத்தன வருஷமாச்சு, ஒரு தடவகூடக் கண்ணுல காட்ட மாட்டேங்கறியே," என்றார் தலையங்கம்.

"வர்றதாத்தான் இருந்தா. ஒடம்புக்கு ஒரு மாதிரி இருக்குன்னுட்டா."

"அடடா," என்றார் தலையங்கம். என்ன உடம்புக்கு என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் முதலாளியின் மச்சான் எதிரில் வந்து உட்கார்ந்து, வரப்போகும் தேர்தலில் யார் வருவார்கள் என்று கேட்டுவிட்டான். தலையங்கம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது எதிர்க்கட்சியின் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

மழைக்காலம் முடிவதற்குள் எதிர்க்கட்சியின் மனைவி இறந்துபோனாள். முதலாளிக்கு மட்டும்தான் நோய் விவரம் தெரிந்திருந்தது. "ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்தாங்க. கடையில யாருக்கும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார். இங்க ஒரு இடத்துலயாவது அதப் பத்திப் பேசாம இருக்கேன்னு சொன்னார்," என்றார்.

தலையங்கமும் தையல்காரம்மாவும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மாடியில் இரண்டே அறை. ஜன்னல் ஓரத்தில் ஒரு கட்டில், தலைமாட்டில் சின்ன ரேடியோ, முதுகுக்குக் கொடுக்க உயரமாகத் தைத்த ஒரு திண்டு. அது எதிர்க்கட்சியின் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. கடையில் எந்த வாடிக்கையாளருக்கும் அவர் அவ்வளவு நெருக்கமாகத் தையல் போட்டதில்லை.

எதிர்க்கட்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இறந்தவளின் தங்கைதான் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம். தலையங்கத்தைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நீங்கதான அந்தத் தலையங்கம்?"

அவர் தலையாட்டினார்.

"அக்காவுக்கு உங்க பேச்சுதான் தினம். மாமா வந்து செருப்பக்கூடக் கழட்டிருக்க மாட்டாரு, 'இன்னைக்கு உங்க அண்ணன் என்ன சொன்னாரு?'ன்னு ஆரம்பிச்சுடுவா. மாமா உங்கள மாதிரியே பேசிக் காட்டணும். அவ படுத்துக்கிட்டே யோசிச்சு பதில் சொல்லுவா. மாமா அத மனப்பாடம் பண்ணிக்கிட்டு வருவாரு. அந்த கோல்கீப்பர் பதிலுக்கு நீங்களே சிரிச்சீங்கன்னு கேட்டதும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

தலையங்கம் எதிர்க்கட்சியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைச் சாப்பாட்டுக்கு வந்து உங்ககிட்ட நேர்லயே சண்டை போடணும்னு இருந்தா. தலைக்குக் கட்டிக்க நீலத் துணியெல்லாம் தயார் பண்ணி, கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா. அப்புறம் அந்தப் பாட்டுக்காரம்மா விஷயத்துல மட்டும்..."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ," என்றார் எதிர்க்கட்சி.

"சும்மா சொல்றேன் மாமா. அந்த ஒரு தடவதான் அவ பதில் சொல்லல. 'அவர் சொல்றதும் சரிதான்'னுட்டா. யார் சொன்னாலும் லேசுல ஒத்துக்கற ஆளே இல்ல அவ. சாப்பாட்டுக்கும் வரலைன்னுட்டா. 'பார்க்கறவங்களுக்கு எதுக்குத் தண்டனை'ன்னு சிரிச்சா."

தையல்காரம்மா தலையங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலையங்கத்துக்கு அங்கே உட்கார முடியவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தார். பின்னாலேயே எதிர்க்கட்சியும் வந்தார். எதிர்வீட்டு வாசலில் யாரோ ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். சோப்புத் தண்ணீர் இவர்கள் காலடி வரை ஓடி வந்தது.

"நான் அவங்களச் சொல்லலையே," என்றார் தலையங்கம்.

"தெரியும்ணே. அவளுக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன்யா போய்ச் சொன்னே? அத மட்டும் முழுங்கிருக்கக் கூடாதா?" என்று திடீரென்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் யாரிடம் கத்துகிறோம் என்று உறைத்தது.

எதிர்க்கட்சி கோபப்படவில்லை. "சொல்லியிருக்கக் கூடாதுதான். வேற ஏதாவது மாத்திச் சொல்லியிருக்கலாம். தினம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு. எனக்கு நல்ல பதில் ஒண்ணு தேவைப்பட்டுதுண்ணே. அவகிட்ட இருக்கும்னு நெனச்சேன்."

தலையங்கம் அவர் தோளில் கை வைக்கப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்: அந்தப் பாடகி மேடைக்கு வந்தது எனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லையா? யோசித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. அவள் குரல் உடைந்த இடத்தை ரேடியோவில் கேட்டபோது அவரும் கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார். எதிர்க்கட்சி முந்திக்கொண்டு அவளைக் குறை சொல்லியிருந்தால், அன்று முழுக்க அவர் அவளுக்காக வாதாடியிருப்பார். அது அவருடைய கருத்தே இல்லை. கை வேலை செய்துகொண்டிருந்தது, வாய் சும்மா இருந்தது, அதனால் சொன்னார். அந்த வார்த்தை போய் யாருடைய கட்டிலில் உட்காரும் என்று அவர் நினைத்தும் பார்க்கவில்லை.

எதிர்க்கட்சி வேலைக்குத் திரும்பினார். தலையங்கம் முதலில் வாயைத் திறக்கவே பயந்தார். பிறகு அந்த மௌனம் தாங்காமல் மெதுவாக எதையாவது சொல்லிப் பார்த்தார். புதுப் பாலம் தேவையே இல்லை என்றார்.

"ஆமாண்ணே."

அடுத்த நாள், பாலம் இல்லாவிட்டால் ஊரே நாசமாகிவிடும் என்றார்.

"அதுவும் சரிதான்."

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலே வைக்கக் கூடாது என்றார். பந்தாட்டத்தில் கோல்கீப்பரே வேண்டாம் என்றார். எதிர்க்கட்சி எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அதைத்தான் தலையங்கத்தால் தாங்க முடியவில்லை. தையல்காரம்மா ஒரு நாள் டீ நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "விட்ருங்கண்ணே. அவர்கிட்ட இருந்ததெல்லாம் அந்தம்மா கொடுத்ததுதான். இப்போ கேட்டா எங்கேயிருந்து எடுப்பாரு?" என்றாள்.

சில மாதங்களில் எதிர்க்கட்சி வேலையை விட்டுவிட்டு, மனைவியின் தங்கை குடும்பம் இருக்கும் ஊரில் பஸ் இருக்கை தைக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். கிளம்பும் அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். தலையங்கத்திடம் வந்து, "வரேண்ணே. உங்களால அவளுக்குப் பொழுது நல்லாப் போச்சு," என்றார். தலையங்கம் ஏதோ சொல்ல நினைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஆனால் அத்தனை ஆண்டுகள் அத்தனை பேசிய வாய்க்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. "பார்த்துப் போ," என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவருக்கு எதிரில் வேலை செய்கிற ஆள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன்பாட்டுக்குப் பாட்டுக் கேட்பான். தலையங்கம் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. காலையில் யாராவது, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல," என்பார்.

தேர்தல் முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மனம் கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்கு போன் செய்தார்.

"முடிவு பார்த்தியா? உன் ஆளுங்க வந்துட்டாங்க போல," என்றார்.

"அப்படியாண்ணே? நான் கவனிக்கல."

தலையங்கம் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் தலையங்கம்.

"ஆச்சுண்ணே. நீங்க?"

"இனிமேத்தான். முதுகு வலின்னு சொல்லிட்டிருந்தியே, இப்போ எப்படி இருக்கு?"

"பரவால்லண்ணே. கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்கா. இங்கதான் இருக்கா."

"அங்க மழையா?"

"நேத்து பெஞ்சுது," என்றார் தலையங்கம். "இன்னைக்கு இல்ல."